ஒரு கொடுக்கு பாக்கி

எங்கள் ஊர் தோணிரேவுக்கு ரோடு போடுகிறார்கள். தார் காய்ச்சும் வாடை வந்ததும் நைனாவின் படகு கண்முன் நின்றது.

எனக்கு அப்போது எட்டு வயது. படகுக்குத் தார் பூசிவிட்டு நைனா கஞ்சி குடிக்கப் போயிருந்தார். காயாத தாரில் கிளிஞ்சலால் ஒரு நண்டு வரைந்தேன். அதுதான் என் முதல் படம். ஒரு கொடுக்கு பாக்கி இருக்கும்போதே வந்துவிட்டார்.

“இன்னாடி இது? தாரைக் கீறி வெச்சிருக்கே! தண்ணி உள்ள பூந்தா உங்கப்பனா வந்து மொண்டு ஊத்துவான்?”

“நீதானே நைனா எங்கப்பன்.”

துடுப்பால் என் வலது கையில் ஒன்று போட்டார். இரண்டு விரல்கள் முறிந்தன.

“இப்ப வரைடி, பாக்கலாம்!”

கிளிஞ்சலை இடது கையில் எடுத்து, பாக்கி இருந்த கொடுக்கை இன்னும் பெரிதாகக் கீறினேன். மறுபடி ஓங்கிய துடுப்பு இறங்கவில்லை.

முறிந்த விரல்கள் சரியாகவே இல்லை; இன்றும் வாசலில் இடது கையால்தான் கோலம் போடுகிறேன். இடது கையால் கோலமா என்று என்னைக் கேட்க இங்கே எவளுக்கும் வாய் வராது.