இருநூறு பேரும் ஒரு நோட்டும்

"எங்க கெளம்பிட்டீங்க? சொல்லிட்டுப் போங்க" என்கிறார் எங்கள் ஆபீஸ் சீனியர், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. தண்ணீர் குடிக்க எழுந்த பக்கத்து மேசைக்காரம்மா சொல்லிவிட்டுப் போகிறார். கதவுக்கு நேராகப் பாதி வழியை மறித்துக் கிடக்கிறது சாருடைய நாற்காலி. எங்களுக்குள் அவர் பெயர் 'வாசப்படி'. வீட்டிலும் இதே கதைதானாம். மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போகும் மனைவியும் தகவல் கொடுத்துவிட்டே படியேற வேண்டும்.

மருத்துவமனையின் முன்பதிவு இணையதளம் அவர் பொறுப்பு. காலை எட்டு மணிக்குப் பதிவு திறக்கும். எட்டு ஒன்றுக்குத் தளம் உறைந்துவிடும். பத்து நாளாக இந்தக் கூத்து. "வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். அப்புறம் வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று மேலாளர் சொல்லிவிட்டார். சாருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் பாக்கி.

வருகிற கோரிக்கைகளை ஆளுக்கொன்றாக எடுத்து முடித்துக்கொடுப்பவை சர்வரில் இருக்கும் த்ரெட்டுகள். அவர் பாஷையில் 'பசங்க'. நூறாக இருந்த பசங்களை இருநூறாக்கினார். கூட்டம்தான் கூடியது. "எல்லாம் சோம்பேறிப் பசங்க" என்று திட்டித் தீர்த்தார். பாவம், திருப்பிப் பேசத் தெரியாத ஊழியர்கள் அவருக்கு அங்கே மட்டும்தான் கிடைத்தார்கள்.

வியாழக்கிழமை தளம் உறைந்தபோது, எந்த த்ரெட் எங்கே நிற்கிறது என்ற பட்டியலைப் பக்கத்து மேசைக்காரம்மா எடுத்துப் பார்த்தார்.

"சார், ஒருத்தன்தான் வேலை பாக்கறான். மிச்சப் பேரெல்லாம் வரிசையில நிக்கறாங்க."

"எதுக்காம்?"

"ஒரு நோட்டுல, அதான் லாக் ஃபைல்ல, எழுதறதுக்கு. யாரு, எங்க போறேன்னு எழுதிட்டுத்தான் போகணுமாம். ஒரு சமயத்துல ஒருத்தர்தான் எழுத முடியும்."

"எந்த மடையன் வச்சது அதை?"

அந்த அம்மாள், நோட்டில் எழுதச் சொல்லும் நிரல் வரியைச் சேர்த்தவரின் பெயர் பதிவாகியிருந்த இடத்தில் விரலை வைத்தார். சாருடைய பெயர், பத்து நாளைக்கு முந்தைய தேதி. பசங்க எங்கே போகிறார்கள் என்று தெரியாமல் நம்மவருக்கு இருப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்? பிறகு அந்த வரியை அவரே அழித்தார்.

வெள்ளிக்கிழமை எட்டு ஒன்றுக்குப் பதிவுகள் மளமளவென்று ஓடின. மேலாளர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். நான் டீ குடிக்க எழுந்தேன். பழக்கதோஷம், அவர் நாற்காலியருகே நின்று, "சார், டீக்கு..." என்றேன்.

"எங்க..." என்று ஆரம்பித்தவர் பாதியில் விட்டு, நாற்காலியை மேசைப்பக்கம் இழுத்துப் போட்டு வழிவிட்டார்.