நைனாவின் முழங்கால்

இன்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்த பெண்ணையோ பையனையோ அழைத்துக்கொண்டு, திருப்பதியில் உள்ள என் கிளினிக்குக்குச் சிலர் வருவதுண்டு. பிசியோதெரபி படிக்க வைக்கலாமா என்று கேட்பார்கள். நான் வரிசையாகச் சொல்வேன். நாலரை வருடப் படிப்பு. முதலில் எலும்பு, தசை, நரம்பு, பிறகு வார்டு, கடைசி ஆறு மாதம் முழுக்க நோயாளிகளோடு. பக்கவாதம் வந்தவர், எலும்பு முறிந்தவர், தலை நிற்காத குழந்தை எல்லோரும் நம்மிடம் வருவார்கள். எல்லாவற்றையும் கேட்டபின் தகப்பனார் தயங்கியபடி அந்தக் கேள்விக்கு வருவார்: மசாஜ் மாதிரிதானே?

எனக்குக் கோபம் வருவதில்லை. சித்தூர் வீடு நினைவுக்கு வந்துவிடும். டாக்டர் படிப்புக்கு ராங்க் போதாமல் நான் இதில் சேர்ந்தபோது, நைனா என்று நான் கூப்பிடும் அப்பா ஒன்றுதான் கேட்டார்.

“நாலர வருசம் படிச்சிட்டு, கால அமுக்கி உடப் போறியா?”

நான் மூன்றாம் வருடம் படிக்கையில் அவர் காணிப்பாக்கம் சாலையில் ஸ்கூட்டரோடு விழுந்தார். வலது முழங்கால் சில்லு உடைந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு எலும்பு சேர்ந்தது. கால்தான் சரியாக மடங்கவில்லை. ஆனாலும் நடந்தார், கடைக்குப் போனார். டாக்டருக்குத் திருப்தி. நைனாவுக்கு இல்லை. காரணத்தை அம்மா சொன்னாள். எங்கள் சர்ச்சில் பீடத்தின் முன்னால் உள்ள மரத்தடுப்பருகே வரிசையாக முழங்காலில் நின்றுதான் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவோம். நின்றபடியே வாங்கலாம் என்று பாஸ்டர் சொல்லியும் நைனா கேட்கவில்லை. மூன்று மாதமாகப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை தோறும் திருப்பதிக் கல்லூரியிலிருந்து சித்தூருக்கு ரயிலேறினேன். வழியில் பாகாலாவில் வண்டி நிற்கும்போது, அன்று செய்ய வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். வீட்டு ஹாலில் பெஞ்சைத் தடுப்பாகப் போட்டு, அதன் முன்னால் தலையணைகளை அடுக்கினேன். நைனா அதன் மேல் முழங்காலிட்டுப் பழகினார். கால் மடங்க மடங்க ஒவ்வொரு தலையணையாக எடுத்தேன். எழுவதற்கு ஒரு முறை கண்டுபிடித்தோம். இடது காலைப் பக்கவாட்டில் அகல வீசி முன்னால் ஊன்றி, பெஞ்சைப் பிடித்து எழ வேண்டும். வியர்த்துக் கொட்டும்; என்னைத் திட்டுவார். ராத்திரி தலைக்கு வைக்க ஒன்றாவது விடுவீர்களா என்று அம்மா கேட்பாள். அந்த ஹாலில் அத்தனை பேச்சும் சிரிப்பும் அதற்குப் பிறகு இருந்ததாக நினைவில்லை.

திருவிருந்து ஞாயிறு வந்தது. நைனா வரிசையில் போய்ப் பிடிமானத்தோடு முழங்காலிட்டார். அப்பம் வாங்கினார், ரசம் வாங்கினார். பாஸ்டர் ஆசி கூறியதும் மற்றவர்கள் எழுந்தார்கள். நைனா எழவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஹாலில் அவருக்குப் பக்கத்தில் யாரும் இருந்ததில்லை. இங்கே இருபுறமும் தோளோடு தோள். காலை வீச இடமில்லை.

பக்கத்தில் இருந்தவர் கை நீட்டினார். நைனா தலையசைத்து மறுத்தார். அடுத்த வரிசை காத்து நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து நான் பாதி எழுந்துவிட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“உக்காரு. அவரு வருவாரு.”

உட்கார்ந்தேன். இருபுறமும் ஆட்கள் விலகியபின் நைனா இடது காலை வீசினார். முன்னால் ஊன்றினார். தடுப்பைப் பிடித்தார். எழுந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, என் பக்கம் பார்க்காமல் தன் இடத்துக்கு நடந்தார்.

வெளியே படியில் அவருடைய சிநேகிதர் பிடித்துக்கொண்டார். “இன்னாபா, எல்லாம் வந்துட்டாங்க, நீ மட்டும் அங்கியே கீற. அவ்ளோ பாவமா?”

“இத்தினி மாசத்துப் பாக்கி இல்ல?” என்றார் நைனா.

மறு சனிக்கிழமை பெஞ்சின் இருபுறமும் நாற்காலி போட்டு நெருக்கிவிட்டேன். இடித்துக்கொண்டு பழகட்டும் என்று. அன்றிலிருந்து, வரும் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்பதோடு, இந்தக் காலைக் கொண்டு எங்கே போக வேண்டும், அங்கே பக்கத்தில் யார் இருப்பார்கள் என்றும் கேட்கிறேன்.

நைனா என் படிப்பைப் பற்றி என்னிடம் பிறகு எதுவும் சொன்னதில்லை. உறவினர் யாராவது, உன் பெண் கால் அமுக்கும் வேலையா செய்கிறாள் என்று கேட்டால் மட்டும் பதில் சொல்வார்.

“அமுக்கவே மாட்டா. நாம எழற வரிக்கும் கிட்ட இருந்து பாத்துக்கினே இருப்பா. அதுக்குத்தான் நாலர வருசம்.”