ரெண்டு பேரும் ஊட்லதான்

இல்லப்பா, பெயிலாகி வரல. நானேதான் பிஎச்டிய விட்டுட்டு ஓடி வந்தேன். அறுபதுகள்ல...

வெரல்ல ஒட்டுற அந்தப் பச்சைப் பவுடர் இன்னும் கண்ணுல நிக்குது. நிக்கல் ஆக்சைடு. மெட்ராஸ்ல நாங்க போட்ட கணக்குப்படி அதுல கரண்ட் ஓடணும். லேப்ல ஓடல.

ஒரே அணுல ரெண்டு எலக்ட்ரான் குந்தினா ஒண்ண ஒண்ணு தள்ளும். கோடி கோடியா இருக்கே, ஒவ்வொண்ணா எப்படிப் பாக்கறது? அதனால மத்ததோட சராசரி மட்டும் போதும்னு வெச்சு கணக்குப் போட்டோம். ரெண்டு வருஷம்... தப்பு எங்கன்னு புடிபடல. வெறுத்துப்போய் செஞ்சிக்கு பஸ் ஏறிட்டேன்.

நான் படிக்கணும்னு தன் படிப்ப நிறுத்திட்டு சிங்கவரத்து மல்லாட்டைக் காட்டுல கடலை புடுங்கிக்கிட்டுக் கெடந்தவன் என் அண்ணன்.

"தொரைக்கு கணக்கு கசந்துடுச்சாம். நான் வெயில்ல வெந்தது இவன் திரும்பி வர்றதுக்கா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "உன்ன யாரு வேகச் சொன்னா?"ன்னுட்டேன்.

அதோட சரி. அவன் உள்ள வந்தா நான் வெளிய. நான் உள்ள போனா அவன் வெளிய.

நைனா கேட்டது ஒண்ணுதான். "ஒரு வேளையாவது ரெண்டு பேரும் ஒண்ணா குந்தி சாப்புடுங்கடா. நான் பாக்கணும்."

சர்ச்சாண்ட யாராவது "பசங்க எங்க?"ன்னா, "ரெண்டு பேரும் ஊட்லதான்"னுவாரு. பொய் இல்ல. பாதி நேரம் அவன், பாதி நேரம் நான். சராசரிப்படி பாத்தா பாதில பாதி, நாள்ல கால்வாசி நேரம் ஒண்ணா இருந்திருக்கணும்...
நெசத்துல ஒரு நிமிஷம் இல்ல.

அப்பதான் பொட்டுனு பட்டுது. எங்க கணக்குல இருந்த ஓட்டையும் இதேதான். ஒண்ணு இருக்கற எடத்துக்கு இன்னொண்ணு வராது. பக்கத்து எடத்துலயும் ஆள் இருக்கறதால எல்லாம் அததுங்க எடத்துலயே நின்னுடுது. கரண்ட் எங்கிருந்து ஓடும்?

கைடுக்கு லெட்டர் எழுத குந்தினேன். எழுதல. திரும்பிப் போனா அண்ணன் சொன்னது சரின்னு ஆயிடுமேன்னு வீம்பு. வெளிநாட்டுல சில பேரு அப்பவே இத எழுதிட்டாங்கன்னு ரொம்ப நாள் கழிச்சுத் தெரிஞ்சுது.

அந்த மழைக்கே நைனா போயிட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட காலைல நான், சாயந்திரம் அவன்.

இப்ப ஆராய்ச்சி பண்ற பசங்க ஒரு அணுவ மட்டும் எடுத்து, மத்ததயெல்லாம் சுத்தி நிறுத்தி, உள்ள எது எப்ப வருது, எது எப்ப போவுதுன்னு கம்ப்யூட்டர்ல பாக்கறாங்க. நாங்க கை நோவ பேப்பர்ல போட்டும் புடிபடாத கணக்குதான். நல்லா இருக்கட்டும்.

இன்னிக்கு கல்லறைத் திருநாள். நைனா பக்கத்துல குந்திதான் இத டைப் பண்றேன். அண்ணன் பேத்தி கையப் புடிச்சிக்கிட்டு, மெழுகுவத்தியோட கல்லறைத் தோட்டத்து கேட்டாண்ட வந்துட்டான்.

நான் கெளம்பணும்.