நான் அழித்த இரண்டு மெயில்கள்

என் தங்கைக்கு அவளுடைய பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இரண்டு மெயில்களை, அவள் பார்க்கும் முன்பே நான் அழித்தேன். கை தவறி அல்ல... தெரிந்தே.

இரண்டு வருடமாகிறது. அம்மாவுக்குத் தெரியாது. தங்கைக்கும் தெரியாது. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். திட்டுங்கள், பரவாயில்லை. முழுவதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை தெரிகிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. என் புத்திக்கு ஏற்ற வேலைதான். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிற்கும் இடம்வரை போய், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி ஓடுகிற ஆள் நான். கம்பெனி பஸ் டிரைவர் தினமும் கேட்பார்: “இன்னாம்மா, பூட்டு இருக்குதா, யார்னா எடுத்துனு போய்ட்டானா?” பஸ்ஸே சிரிக்கும். வீட்டில் இருந்தவரை எஸ்தரும் சிரித்தாள். “பூட்டைக் கையோட எடுத்துனு போய்டுக்கா, பேஜார் இல்ல” என்பாள்.

எஸ்தர்தான் அந்தத் தங்கை. என்னைவிடப் பதினோரு வயது சின்னவள். வேலூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு ஜெர்மனி போனாள். போகும்போது பழைய போனை என்னிடம் கொடுத்தாள். அவளுடைய மெயில் அதில் அப்படியே இருந்தது. எடுத்துவிடும்படி சொல்ல எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் லாக்கரிலிருந்து போனை எடுத்து, தமிழாக்கும் ஆப்பில் போட்டு ஒவ்வொன்றாகப் படிப்பேன். லைப்ரரி கார்டு, ஹீட்டர் ரிப்பேர், எல்லாவற்றையும்.

அங்கே முதல் மாதமே ஒன்று நடந்தது. அம்மா கட்டிக்கொடுத்த மிக்ஸியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்னி அரைத்திருக்கிறாள். ஞாயிறு அந்த ஊரில் சத்தம் போடக்கூடாதாம். எங்கள் தெருவில் ஞாயிறென்றால் ஜெப மைக் அலறும், அவளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து அறைப் பெண் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டாள். நான்கே வரி. அதிலிருந்து எஸ்தர் மிக்ஸியைத் தொடவில்லை. பிறகு சமையலறைக்கே போகவில்லை. பிறகு வகுப்புக்கும்... வீடியோவில் வந்தால் உதடு மட்டும் அசையும்.

“மெல்ல பேசுக்கா. பக்கத்து ரூம்ல கேக்கும்.”

ஆம்பூரில் நின்றுகொண்டு நான் மெல்லப் பேசினேன்.

ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் முதல் மெயில் வந்தது. அங்கே காலை எட்டரை. இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுப் பகலில் தூங்குவது அப்போது அவள் வழக்கம். ஆப் சொன்ன தமிழ் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: ‘படிப்பிலிருந்து விலகும் உங்கள் கோரிக்கை பெறப்பட்டது. வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்யவும். பதில் இல்லை எனில் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.’

எங்களிடம் அவள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு கை கழுவிவிட்டு வந்து அழித்தேன். அழித்தது உண்மையிலேயே போனதா என்ற பயம் எனக்கு வராமல் இருக்குமா? ஏதோ போட்டோவை அழிப்பதுபோல, மேஜைக்கு எதிரே உட்காரும் நூர்ஜஹானிடம் கேட்டேன். “குப்பைத்தொட்டி படம் இருக்குது பாரு, அதுக்குள்ள குந்தினு இருக்கும். அங்கயும் அழி. யாரு போட்டோ, சொல்லேன்” என்று கண்ணடித்தாள். அங்கேயும் அழித்தேன்.

வியாழக்கிழமை அதே நேரத்துக்கு இரண்டாவது மெயில் வந்தது, நினைவூட்டுவதற்கு. திங்கட்கிழமையைப் பதற்றம் என்று சொல்லித் தப்பிக்கலாம். வியாழக்கிழமையை அப்படிச் சொல்ல முடியாது. நடுவில் மூன்று நாள் யோசித்திருந்தேன். அந்த அறையில் தனியாக இருப்பவள் ஏதாவது செய்துகொண்டால்? அதையும் யோசித்தேன். யோசித்தபிறகுதான் அழித்தேன். குப்பைத்தொட்டியிலும் அழித்தேன், இந்தத் தடவை யாரையும் கேட்காமல்.

அவள் வாழ்க்கை, அவள் முடிவு, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு அதில் என்ன வேலை... இதுதானே கேட்க வருகிறீர்கள்?

பாதியில் விட்டவள் என்பதால்தான். ஒன்பதாவதில் ஒரு கணக்குப் பரீட்சை முடிந்து வந்து, நாளையிலிருந்து போகமாட்டேன் என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. “சரி, பக்கத்து வீட்ல ஷூ தைக்கிறாங்க, போய்க் கத்துக்கோ” என்றாள். அவ்வளவுதான். அடுத்த வாரம் என் மடியில் ஷூவும் ஊசியும். வாத்தியார் வரவில்லை, தோஸ்துகள் வரவில்லை. ஏன் என்று இரண்டாவது தடவை யாரும் கேட்கவில்லை. அம்மாவைக் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு ஆள் குறுக்கே நின்றிருந்தால் நான் திரும்பியிருப்பேன். அதற்காகவே நாலு நாள் யூனிஃபார்மைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன்.

என் தங்கைக்கு நான் குறுக்கே நின்றேன். முகத்தைக் காட்டாமல் நின்றேன், அதுதான் வித்தியாசம்.

வெள்ளிக்கிழமை போயிற்று. அடுத்த புதன்கிழமை அவளாகவே பல்கலைக்கழக ஆபீசுக்கு நடந்திருக்கிறாள். இரண்டு வாரத்தில் அறையைவிட்டு முதன்முதலாக அன்றைக்குத்தான் வெளியே வந்தாள். அங்கிருந்த அம்மாள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாளாம். இரண்டு மெயில் அனுப்பியிருக்கிறோம், கெடு முடிந்துவிட்டது, வேண்டுமானால் மறுபடி எழுதிக் கொடு, அதற்குமுன் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கிற நாள் வருகிறது, அதையும் யோசி என்று.

அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள்.

“ரெண்டு மெயில் வந்துருக்குதுக்கா. நான் பாக்கவே இல்ல. வந்ததுகூடத் தெரியாம இருந்துருக்கேன். நானெல்லாம் இன்னா படிச்சேன்?”

அப்போது சொல்லியிருக்கலாம். “விடு, பரீட்சைய எழுதிட்டு வந்துடு” என்றேன்.

எழுதினாள். வரவில்லை. இப்போது படிப்பு முடியப்போகிறது. அவர்கள் பாஷையில் போனில் சண்டை போடுகிறாள். சீட்டு ஒட்டிய பெண், சூப் அரைக்க மிக்ஸியை இரவல் கேட்டு வருகிறாளாம்... சனிக்கிழமைகளில்.

ஆகவே நான் செய்தது சரி. மறுபடி அந்தத் திங்கட்கிழமை வந்தாலும் அழிப்பேன். நீங்கள் என்ன சொன்னாலும் இதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஒன்று.

பேசிக்கொண்டே இருப்பாள். “ஒரு நிமிஷம்க்கா” என்பாள். கண் கீழே போகும். மெயில் பார்க்கிறாள். முதலில் இன்பாக்ஸ், பிறகு ஸ்பாம், பிறகு குப்பைத்தொட்டி. நாளுக்கு மூன்று தடவை அலாரம் வைத்திருக்கிறாள். போன மாதம் நம் பக்கத்திலிருந்து புதிதாகப் போன பிள்ளைகளை அழைத்து உட்காரவைத்து, முதலில் சொன்னதே இதுதானாம்: “மெயிலை விடாம பாருங்க. நான் ஒருதடவ கோட்டை விட்டேன்.” சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். நானும் சிரித்தேன்.

என்னுடைய பூட்டை அவள் கையில் கொடுத்துவிட்டேன். அந்த அம்புக்குறியை எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒட்டவில்லை. சொல்லிவிட்டால், அவள் அங்கே கட்டியதெல்லாம் தன்னுடையதில்லை என்று நினைத்துவிடுவாளோ... இல்லை, இதுவும் சாக்குதான். எனக்குப் பயம்.

பழைய போன் என்னிடம்தான் இருக்கிறது. இன்றைக்கும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மெயில் வந்தது. படிக்காத மெயிலின் எழுத்து தடித்திருக்கும், பார்த்திருப்பீர்கள். விரலை வைக்கப் போனேன். தொடுவதற்குள் அது மெலிந்துவிட்டது.

அங்கே காலை எட்டரை. அவள் எனக்கு முன்பே திறந்துவிட்டாள்.