மாத்திரை தராதவள்

இடஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் புளியமரத்தை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். சின்னசேலத்துக்கு முன்பே பேருந்து நின்றுவிட்டது. என் வலிப்பு மாத்திரை தீர்ந்திருந்தது. ஒரு வேளை தவறினாலும் கை இழுக்கத் தொடங்கிவிடும்.

பக்கத்தில், கல்வராயன் மலையிலிருந்து சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகும் மூக்குத்திப் பெண். அட்டையிலிருந்த மருந்தின் பெயரை வாய்விட்டுப் படித்துவிட்டு மாத்திரையை விழுங்கினாள். என்னுடைய அதே மாத்திரை!

"எனக்கும் ஒண்ணு குடுங்களேன்" என்று பல்லிளித்தேன்.

"இது இன்னா கடலை மிட்டாயா? எனக்கு எழுதுன அளவு வேறங்க. உங்க டாக்டர் சீட்டு இருக்குதில்ல? நடங்க, கடையில வாங்கிக்கலாம்."

சின்னசேலம் வரை நடந்தோம். மருந்துக்கடையின் கதவு பாதி திறந்திருந்தது. நான் வாங்கி விழுங்கும்வரை நின்றாள்.

"தீர்றவரைக்கும் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

அங்கிருந்தே சேலத்துக்கு ரயிலேறிப் போய்விட்டாள். மாத்திரை கேட்ட வாய்க்கு அவள் பெயரைக் கேட்கத் துணிவில்லை.

இன்றும் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டேதான் விழுங்குகிறேன். இந்நேரம் அவளும் போட்டிருப்பாளா?