மலையடி வீட்டில் சோலார்

தர்மேந்திரனிடம் யாரும் ஆலோசனை கேட்டதில்லை. கேட்பதற்குள் அவரே சொல்லிவிடுவார். மலேசியாவில் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் தொழிற்சாலை பஸ் ஓட்டி, பணி ஓய்வு பெற்றவர். எந்த ரைஸ் குக்கர் வாங்கலாம் என்பதிலிருந்து எந்த மாப்பிள்ளை வேண்டாம் என்பது வரை பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பிய வாய் அது. ஓய்வுக்குப் பிறகு அந்த வாய்க்கு மிஞ்சியவர்கள் மனைவி புஷ்பலதாவும் பக்கத்து வீட்டுத் துரைசிங்கமும்தான். "பாவம், ஒரு பஸ்ஸு கூட்டம் தாங்கினத ரெண்டு பேரு தாங்கணும்" என்று பிற்பாடு அவரே சொல்லிச் சிரிப்பார்.

வீடு ஒரு சுண்ணாம்புக்கல் மலையின் அடியில் இருந்தது. கொல்லைப்புற வேலியைத் தாண்டினால் பாறை செங்குத்தாக எழும்பி நிற்கும். மதியம் சாய்ந்ததும் வீட்டின் மேல் நிழல் விழுந்துவிடும். வருகிறவர்களிடமெல்லாம் தர்மேந்திரன் பெருமையடிப்பார்: "இது கடவுள் வச்ச ஏர்கோன். பில் வராது."

அந்த ஏர்கோன் போதாமல் அறையைக் குளிரூட்டும் நிஜ ஏர்கோனும் ஓடியதால் மின்சார பில் ஏறியது. சோலார் போடுவது என்று முடிவு செய்தார். வீட்டைப் பார்க்க சோலார் கம்பெனியிலிருந்து நிரோஷா என்ற பெண் வந்தாள். நண்பகல் வெயில் கூரையில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"அங்கிள், முன்பக்கக் கூரையில போட்டா நல்லது. காலையிலேர்ந்தே வெயில் கிடைக்கும்."

"முன்பக்கமா? வீட்டு முகமே போயிடும்மா. பின்னாடி போடு."

"பின்னாடி மலை இருக்கே. சாயந்திரம் நிழல் எப்படி விழுதுன்னு இன்னொரு தடவை வந்து பார்த்துக்கட்டுமா?"

"வெயிலப் பத்தி என்கிட்டயா? நான் தோட்டத்து வெயில்ல காய்ஞ்சு வளந்தவன்லா."

அன்று துணிக்கடை வேலைக்கு லீவு போட்டிருந்த புஷ்பலதாவின் குரல் சமையலறையிலிருந்து வந்தது. "தோட்டத்துல ஏதுங்க வெயிலு? பூராவும் ரப்பர் மர நிழலு. நீங்க நிழல்ல வளந்தவரு."

நிரோஷா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். தர்மேந்திரன் பின்பக்கத்தைக் காட்டிய விரலை மடக்கவில்லை. தன் வார்த்தையை மாற்றிக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை.

பேனல்கள் ஏறின. அன்றே சுவருக்கு மேலாக எட்டி, "அண்ணே, நீங்களும் போட்டிருங்க. யோசிக்கவே வேணாம்" என்று துரைசிங்கத்திடம் சொன்னார். துரைசிங்கம் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் நிதானமாகச் செய்கிறவர். "பார்ப்போம் தம்பி" என்றார்.

கைப்பேசியில் மின்சாரம் எவ்வளவு வருகிறது என்று பார்க்கலாம். தர்மேந்திரன் சாமி கும்பிடாத நாள் உண்டு, அதைப் பார்க்காத நாள் இல்லை. மின்சார அளவைக் காட்டும் கோடு காலையில் தூங்கி வழிந்தது, நண்பகலில் எழுந்தது, மூன்று மணிக்குப் படுத்துவிட்டது. கைப்பேசி கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்துப் போட்டார். பிறகு பேனலில் தூசி என்று நினைத்து ஏணியில் ஏறித் தண்ணீர் பீய்ச்சினார், அவர்தான் நனைந்தார். கடைசியில் நிரோஷாவைக் கூப்பிட்டு, "போலி சாமான் குடுத்திட்டியாம்மா?" என்று கத்தினார்.

அவள் மறுநாள் மாலை வந்தாள். எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. கொல்லையில் நின்று, "அங்கிள், கொஞ்சம் மேல பாருங்க" என்றாள்.

பார்த்தார். கடவுள் வச்ச ஏர்கோன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பேனல்களின் மேல் மலை நிழல் போர்வை மாதிரிப் படுத்திருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அவரே காட்டிப் பெருமைப்பட்ட நிழல்! அவருக்குக் கோபம் வரவில்லை. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பாதியில் அழுகை மாதிரி ஆகி, மறுபடி சிரிப்பானது. நிரோஷா பயந்து புஷ்பலதாவைக் கூப்பிட்டாள்.

அந்த வாரமே துரைசிங்கம் சுவரோரம் வந்தார். "தம்பி, நாளைக்கு நானும் கையெழுத்துப் போடப் போறேன். உங்களுக்குப் போட்ட அதே மாதிரி, பின்பக்கமே."

தர்மேந்திரன் மனக்கணக்குப் போட்டார். பேசாமல் இருந்தால் கௌரவம் மிஞ்சும். இரண்டு கூரைகள் நிழலில் கிடக்கும். "அண்ணே, இப்படி வாங்க" என்று கொல்லைக்குக் கூட்டிப்போய் மேலே காட்டினார். "நான் ஒரு மடையன். ஒரு நாள் முழுக்க இங்க நின்னு நிழல் எங்க விழுதுன்னு பார்த்திருக்கணும். பாக்கல."

துரைசிங்கம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நிழல நான் முதல்லயே பார்த்தேனே."

"பார்த்தீங்களா? அப்ப ஏன் சொல்லல?"

"இவ்வளவு விவரம் தெரிஞ்ச நீங்களே போட்டிருக்கீங்க. நிழல்லயும் வேலை செய்யற ஏதோ புது ரகம்னு நினைச்சேன்."

இதைவிட அவர் நாலு திட்டு திட்டியிருக்கலாம் என்று தர்மேந்திரனுக்குத் தோன்றியது.

பேனலைக் கழற்றி முன்பக்கம் மாற்றலாமா என்று கேட்டதற்கு, கூரை ஓடுகள் பழசு, ஒரு தடவை ஏறினதிலேயே விரிசல் விட்டிருக்கிறது, மறுபடி மிதித்தால் உடையும் என்று நிரோஷா சொல்லிவிட்டாள். ஆகவே வெயில் இருக்கும் நேரத்துக்கு வேலைகளை மாற்றுவது ஒன்றுதான் வழி. புஷ்பலதா பகலில் துணிக்கடை வேலைக்குப் போகிறவள். துணி துவைப்பது, மாவரைப்பது, இஸ்திரி போடுவது எல்லாம் தர்மேந்திரன் தலையில் விழுந்தன. நண்பகலில் கிரைண்டரையும் வாஷிங் மெஷினையும் மாறி மாறி ஓட்டுவார். மேகம் மூடினால் வாசலுக்கு ஓடி வானத்தைத் திட்டுவார். "சோலார் போட்டதுல எனக்குக் கிடைச்ச லாபம், வீட்டு வேலைக்கு ஒரு ஆளு" என்று புஷ்பலதா கடையில் சொல்லிச் சிரித்தது அவர் காதுக்கு வந்தது. மறுக்க முடியவில்லை. மாவு நன்றாகத்தான் வந்திருந்தது.

தன் வீட்டிலும் அதே பழைய ஓடு என்பதால் துரைசிங்கம் அங்கே போடவில்லை. லூமுட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போட நினைத்தார். "நீங்களும் வாங்க தம்பி, பார்த்துச் சொல்லுங்க" என்றார். இன்னமும் தன்னை நம்புகிற ஒரு மனுஷன் இருக்கிறாரே என்று தர்மேந்திரனுக்கு நெஞ்சு நிறைந்தது. கூடவே கொஞ்சம் பயமும் வந்தது.

லூமுட் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு விடியலிலேயே உட்கார்ந்தார். நிழல் நகர நகர நாற்காலியும் நகர்ந்தது. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், கூரைக்கு எத்தனை வயசு என்று துரைசிங்கத்தின் மகனிடம் கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை. மூன்றாவது தடவை தேநீர் கொண்டுவந்த மருமகள், அவர் அண்ணாந்த கழுத்தோடு அசையாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மாமனாரிடம் மெதுவாகக் கேட்டாள்:

"மாமா, அந்த அங்கிளுக்குப் பேச்சு வராதா?"