துரை வீட்டு நாய்க்குத் தலை வாரினோம்

போன மாதம் மேலகரத்தில் என் அத்தான் வீட்டுக்குப் போயிருந்தேன். சாரல் நேரம். நாலு நாள் குற்றால அருவியில் நின்றுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். வாசலில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து ஓர் உறுமல்!

அக்கா ஜன்னல் வழியாகக் கத்தினாள். "அங்கனயே நில்லுலே! உள்ள ரோஸி இருக்கு!"

ரோஸி யார்? அத்தானின் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையுடைய நாய். இடுப்பளவு உயரம், உடம்பெல்லாம் நீள முடி. துரை மதராஸுக்குப் போகும்போது, "சனிக்கிழமை வருகிறேன். தினமும் பிரஷ் போட்டு வை" என்று அத்தானிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அத்தான் மூன்று வருஷமாக 'ஆக்டிங்' ரெவின்யூ இன்ஸ்பெக்டர். அவரைப் பெர்மனெண்ட் ஆக்கலாமா, பழையபடி குமாஸ்தா நாற்காலிக்கே அனுப்பலாமா என்று ரிப்போர்ட் எழுத வேண்டியவர் அதே துரை. ஆக, அத்தானின் தலையெழுத்து ஒரு நாயின் முடியில் சிக்கிக்கொண்டது. அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

அத்தான் எப்படிப் பிரஷ் போட்டார் தெரியுமா? கோட்டு, தலைப்பாகை, நெற்றியில் விபூதி. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் பிரஷை ஏந்திக்கொண்டு, "ரோஸி... கொஞ்சம் இப்படித் திரும்புதீங்களா?" என்று குனிந்தார்.

ரோஸி திரும்பியது. தலைப்பாகை போயிற்று.

"அத்தான், நாயை எதுக்கு நீங்க நாங்கன்னு கூப்பிடுதீங்க?" என்றேன்.

"துரை வீட்டு நாய் மாப்ளே! மரியாதை கொறஞ்சா அதுக்குத் தெரியும்."

சித்தம் கலங்கியவர்களை அருவியில் நிறுத்தினால் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ரோஸிக்கும் அதுதான் கோளாறு என்று அத்தான் முடிவு கட்டினார். மறுநாள் விடிந்ததும், இரண்டு பக்கமும் கயிறு கட்டிக் குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனோம். அருவிக்குப் போய் எண்ணெய் தேய்க்காமல் குளிப்பதா? கிட்டே போய்த் தேய்க்க யாருக்குத் தைரியம்? ஒரு செம்பு நல்லெண்ணெயைத் தூர நின்றே அதன் முதுகில் வீசினேன்.

நாயைப் பார்த்ததும் குளித்துக்கொண்டிருந்த ஜனங்கள் ஈரத்துணியோடு ஓடினார்கள். ரோஸி அருவியில் நனைந்ததும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது. எண்ணெயும் தண்ணீரும் எங்கள் மேல்! திரும்பி வரும் வழியில் அது மண்ணில் புரண்டது. வீடு வந்தபோது முடியெல்லாம் சடை சடையாகத் தொங்கிற்று. சித்தம் மட்டும் தெளியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. நாங்கள் முற்றத்தில் நாயைச் சுற்றி நின்று விழித்துக்கொண்டிருந்தபோது, பால்காரி செல்லம்மாள் வந்தாள். அவளுக்குத் துரையும் தெரியாது, ரிப்போர்ட்டும் தெரியாது.

"இது ஏன் அண்ணாச்சி தலையைச் சாய்ச்சிக்கிட்டே நிக்கி?" என்று கேட்டாள். செம்பைக் கீழே வைத்தாள். நேராகப் போய் நாயின் பக்கவாட்டில் உட்கார்ந்து, மோந்து பார்க்கக் கையை நீட்டினாள். உறுமியது.

"ஏட்டி, சும்மா கெட!" என்று ஓர் அதட்டல். மாட்டுக்குச் சொறிவதுபோல் தாடையில் சொறிந்தாள். காதை மெல்ல மடித்துப் பார்த்தாள்.

"அடப் பாவியளா! காதுக்குள்ள உண்ணி கெடந்து பிடுங்குது. வலிச்சா கடிக்காம கொஞ்சவா செய்யும்?"

வேப்பெண்ணெய் தொட்டு வைத்து ஒவ்வொரு உண்ணியாக எடுத்தாள். சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை அலசினாள். பிரியாத சடைகளைக் கத்தரித்தாள். மிச்சத்தைச் சீப்பால் வாரினாள். ரோஸி அவள் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அதற்கு எத்தனை நாள் வலியோ! நாங்கள் பல்லைப் பார்த்தோமே தவிர, காதைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை துரை வந்தார். பளபளவென்று நின்ற ரோஸியைப் பார்த்து, "பிரமாதம்! யார் செய்தது?" என்றார்.

"நான்தான் ஸார்" என்றார் அத்தான், கூசாமல்.

"அப்படியா? எப்படி என்று காட்டு, பார்ப்போம்." துரை பிரஷை நீட்டிவிட்டார்!

அத்தான் இரண்டு கையாலும் பிரஷை வாங்கினார். கதவுக்குப் பின்னால் அக்கா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரோஸி உறுமியது. அத்தான் குனிந்தார்... கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து ஓர் அதட்டல் போட்டார்.

"ஏட்டி, சும்மா கெட!"

ரோஸி சமர்த்தாக உட்கார்ந்து காதைச் சாய்த்துக் காட்டியது. அத்தான் வாரினார்.

எங்கள் ஊர்ப் பேச்சு புரியாத துரை அசந்துவிட்டார். "என்ன சொன்னாய் அதனிடம்?"

"'தயவுசெய்து அமருங்கள்' என்று விண்ணப்பித்தேன், ஸார்."

பெர்மனெண்ட் ஆர்டர் வந்துவிட்டது. செல்லம்மாளுக்கு என்ன கிடைத்தது என்கிறீர்களா? பாலில் தண்ணீர் அதிகம் என்று அக்கா மறுநாளும் அவளோடு சண்டை போட்டாள்.

எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான் — அந்த அதட்டலை அத்தான் மூன்று வருஷத்துக்கு முன்பே துரையிடம் போட்டுப் பார்த்திருக்கலாம்!